வளையம் இல்லாத சுறாவுக்கு வயது பார்ப்பது எப்படி?

பல ஆயிரம் ஆண்டுகள் வாழும் பிரிசில்கோன் பைன் மரத்தின் வயதை அறிய அதை வெட்டத் தேவையில்லை. உள்ளே குழாய்போல் இருக்கும் துளைக்கருவியை நடுத்தண்டு நோக்கித் திருகி இழுத்தால், பென்சிலைவிட மெல்லிய குச்சி ஒன்று வரும். அதை வழவழப்பாகத் தேய்த்து உருப்பெருக்கியில் பார்த்தால் வெளிர் பட்டையும் கரும் பட்டையும் மாறி மாறித் தெரியும். வளர்ச்சிப் பருவத் தொடக்கத்தில் உருவான பெரிய செல்கள் வெளிர். முடிவில் உருவான, சுவர் தடித்த சிறிய செல்கள் கருமை. இரண்டும் சேர்ந்தால் ஓராண்டு.

எண்ணினால் மட்டும் போதாது. கடும் வறட்சியில் தண்டின் சில பக்கங்களில் வளையமே விழாது. குச்சி அந்தப் பக்கத்தில் எடுக்கப்பட்டிருந்தால் கணக்கில் ஓராண்டு குறையும். அதனால் அக்கம்பக்கத்து மரங்களின் குறுகிய, அகன்ற வளைய வரிசையோடு பொருத்திப் பார்த்து, விடுபட்ட ஆண்டைக் கண்டுபிடிப்பார்கள். கலிபோர்னியாவின் ஒயிட் மலைகளில் நிற்கும் மெத்தூசலா மரம் 4,800 ஆண்டுகளைத் தாண்டியது என்பது இப்படித் தெரிந்ததுதான். 1964இல் நெவாடாவில் இதே இனத்து மரம் ஒன்றை ஆய்வுக்காக வெட்டியே சாய்த்தார்கள். எண்ணிய வளையங்கள் 4,862. நினைத்தாலே மனம் கனக்கிறது.

கிரீன்லாந்து சுறாவிடம் இந்த வழி செல்லாது. பல சுறாக்களின் முதுகெலும்பில் சுண்ணாம்புப் படிவு வளையங்கள் இருக்கும்; இதன் முதுகெலும்போ மிக மென்மையானது, எண்ண எதுவும் கிடையாது. ஆனால் கண்வில்லை இருக்கிறது. அதன் நடுப்பகுதி தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடும். அங்குள்ள புரதம் பிறகு மாறுவதே இல்லை. இறந்த சுறாவின் வில்லையை வெங்காயம்போல் அடுக்கடுக்காக உரித்து, நடுமணியில் உள்ள கார்பன்-14ஐ, அதாவது காலம் போகப்போகச் சிதைந்து குறையும் கதிரியக்கக் கார்பனை, அளப்பார்கள்.

2016இல் வெளியான ஆய்வில் 28 பெண் சுறாக்களை இப்படிப் பார்த்தார்கள். 220 செ.மீ.க்கு உட்பட்ட சிறியவற்றில் மட்டும் 1950களின் அணுகுண்டுச் சோதனைகள் கூட்டிவிட்ட கார்பன்-14இன் தடம் தெரிந்தது. அப்படியானால் பெரியவை அனைத்தும் அதற்கு முன்பே பிறந்தவை. 502 செ.மீ. நீளமான சுறாவுக்குக் கணித்த வயது 392; முன்பின் 120 ஆண்டுகள் தள்ளிப்போகலாம்.

இவ்வளவு இடைவெளி ஏன்? கடல்நீரின் கார்பன் பழையது. மேற்பரப்பு நீரே சராசரியாக 400 ஆண்டு மூத்ததாகக் காட்டும். அந்தப் பிழையைக் கழிக்க வேண்டும். மேலும் காற்றில் கார்பன்-14 ஆண்டுதோறும் ஒரே அளவில் இருந்ததில்லை. ஒரே அளவீடு பல ஆண்டுகளுக்குப் பொருந்தும். இந்த ஏற்ற இறக்கத்தைத் திருத்தும் அட்டவணையை ஆண்டு தெரிந்த மரவளையங்களில் கார்பனை அளந்துதான் உருவாக்கினார்கள். 1960களில் அதற்கு முதலில் கைகொடுத்தவற்றுள் பிரிசில்கோன் பைனும் ஒன்று. கடலுக்கான திருத்தமும், கடந்த 10,000 ஆண்டுகளைப் பொறுத்தவரை, மரவளையக் கணக்கிலிருந்தே பெறப்பட்டது.