டவர் மாறினாலும் அறுபடாத தொடர்பு

தருமபுரி வீட்டில் வைஃபை வழியாக ஆபீஸ் கணினியோடு இணைந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஓசூர் கிளம்ப நேரமாகவே, லேப்டாப்பைப் போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாற்றினேன். தொடர்பு அறுந்தது. மறுபடி லாகின் செய்துவிட்டு பஸ் ஏறினேன். காரிமங்கலம், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, சூளகிரி என்று சுமார் 90 கிலோமீட்டர். அப்புறம் ஒரு தடவைகூட அறுபடவில்லை. உட்கார்ந்த இடத்தில் அறுந்தது, ஓடும் பஸ்ஸில் எப்படி நிலைத்தது?

காரணம் ஐபி முகவரி. இணையத்தில் ஒரு கணினிக்குப் பெயரும் அதுதான், இருப்பிடமும் அதுதான். இணையத்தில் தரவைப் பரிமாறும் டிசிபி (TCP) முறையில் இரு முனைகளும் தொடர்பை நினைவில் வைப்பது இரண்டு முகவரிகளையும், கணினிக்குள் எந்தச் செயலிக்கு என்று காட்டும் போர்ட் எண்களையும் கொண்டே. வைஃபையை விட்டதும் என் முகவரி மாறியது. ஆபீஸ் சர்வருக்கு நான் யாரோ.

பஸ்ஸிலும் டவர் மாறிக்கொண்டேதான் இருந்தது. பக்கத்து டவரின் சிக்னலைப் போன் ஓயாமல் அளக்கிறது. அது குறிப்பிட்ட அளவு கூடுதலாக, கொஞ்ச நேரம் நீடித்தால்தான் மாற்றம் நடக்கும்; இல்லையென்றால் இரண்டு டவருக்கும் நடுவே போன் ஊசலாடும். ஆனால் என் முகவரியைப் பிடித்து வைத்திருப்பது டவர் அல்ல, போன் சேவை நிறுவனத்தின் உள்ளே இருக்கும் ஒரு நுழைவாயில் கணினி. எந்த டவருக்குத் தரவை அனுப்புவது என்பதை மட்டும் அது மாற்றிக்கொள்கிறது. வெளியுலகுக்கு நான் அசையவே இல்லை.

இந்த யோசனையை இணையம் முழுமைக்கும் சொன்னது மொபைல் ஐபி. 1996-ல் தரமாக வெளிவந்தது. கடிதத்தில் 'மே/பா' போடுவோமே, அதேதான். ஊரில் இருக்கும் முகவர் கணினி, வந்த தரவை இன்னொரு கவருக்குள் வைத்து, நாம் இப்போதுள்ள தற்காலிக முகவரியை எழுதி அனுப்பிவிடும். அழகான ஏற்பாடு, ஆனால் சுற்றுவழி. ஓசூரில் எனக்கு அடுத்த தெருவிலிருந்து வரும் செய்தியும் தருமபுரி போய்த்தான் திரும்பும்.

டிசிபிக்கு மாற்றாக 2021-ல் தரமாக்கப்பட்ட க்விக் (QUIC) முறை முகவரியை நம்புவதையே விட்டது. தொடர்புக்குத் தனி அடையாள எண் உண்டு. எந்த முகவரியிலிருந்து வந்தாலும் எண்ணைப் பார்த்து சர்வர் ஆளைக் கண்டுகொள்ளும். சரி, முகவரி பொய்யாக இருந்தால்? அந்தப் புது முகவரிக்கு ஊகிக்க முடியாத ஒரு சிறு செய்தியை அனுப்பி, அதே செய்தி திரும்பி வருகிறதா என்று பார்த்த பிறகே மீதித் தரவைத் தாராளமாக அனுப்பும்.