கவரேஜ் ரிப்போர்ட்ல 0ன்னு வந்தா ஓடலன்னு அர்த்தமா?

ஒரு கம்பைலர்ல கவரேஜ் பக்கம், அதாவது டெஸ்ட் ஓடும்போது எந்த லைன் எத்தன தடவ ஓடுச்சுன்னு காட்டுற பக்கம், வேலை பாக்குறேன். டெஸ்ட் எழுதுற எல்லாருக்கும் இத சொல்லியே ஆகணும், ரிப்போர்ட்ல ஒரு லைனுக்கு நேரா 7ன்னு இருந்தா அந்த லைன்லயே கவுண்டர் வச்சு எண்ணினாங்கன்னு நெனச்சுக்காதீங்க, நெறைய நம்பர் கூட்டிக் கழிச்சு வந்தது.

ஜிசிசிய (சி, சி++ கம்பைலர்) எடுத்துக்கோங்க. ஒரு ஃபங்ஷன பிளாக் பிளாக்கா பிரிச்சு கிராஃப் போடும், ஒரு பிளாக்லேர்ந்து இன்னொண்ணுக்கு போற வழிதான் எட்ஜ். அதுல ஒரு ஸ்பானிங் ட்ரீ (எல்லா பிளாக்கையும் சுத்து வராம இணைக்கிற எட்ஜ்கள்) எடுக்கும், ட்ரீல இருக்க எட்ஜுக்கு கவுண்டர் கிடையாது, மீதி எட்ஜுக்குத்தான். பிளாக்குக்குள்ள எத்தன தடவ வந்துச்சோ அத்தன தடவ வெளிய போயிருக்கணும், அந்த ஒரு கணக்க வச்சு ஜிசிசியோட ரிப்போர்ட் டூல் ஜிகவ் மத்தத நிரப்பிடும். 1973லயே குனூத்தும் ஸ்டீவன்சனும் ஒரு ஆய்வுக் கட்டுரைல எழுதின ஐடியா இது. சாதாரண இஃப்-எல்ஸுக்கு ரெண்டே கவுண்டர் போதும்.

ஆனா உள்ள போனது வெளிய வரலன்னா?

எங்க கம்பைலர்லயும் இதே முறைதான். கிராஃப்ல எட்ஜ் எட்ஜா நடந்து போற புரோகிராம் கோடு மூணு ஃபைல்ல தனித்தனியா கெடந்துச்சு, ஒண்ணாக்கி ஒரே ஹெல்பர் ஃபங்ஷனா மாத்தினோம். மெஷின் கோடு உருவாக்குறதுக்கு ஃபேக் எட்ஜ் (நிஜ வழி இல்ல, கணக்குக்காக மட்டும் போடுறது) தேவையில்லன்னு ஹெல்பர் அத விட்டுருச்சு. எல்லா டெஸ்டும் பாஸ். ஏன்னா எங்க டெஸ்ட் புரோகிராம் எல்லாமே ஒழுங்கா ரிட்டர்ன் ஆகுறது.

அப்புறம் ஒருத்தங்க எரர் பாத்துக்கு (தப்பு நடந்தா ஓடுற பகுதிக்கு) டெஸ்ட் எழுதிட்டு, ரிப்போர்ட்ல 0ன்னு பாத்து, மறுபடி எழுதி ரெண்டு நாள் போராடியிருக்காங்க. அத நெனச்சா இன்னும் கஷ்டமா இருக்கு. விஷயம் என்னன்னா அந்த ஃபங்ஷன் 10 தடவ கூப்பிடப்பட்டுது, 9 தடவ நல்ல பக்கம், கடைசி தடவ எரர் பக்கம். அங்க வேற ஃபைல்ல இருக்க ஒரு ஃபங்ஷன கூப்பிடுறாங்க, அது உள்ளயே மொத்த புரோகிராமையும் எக்சிட் பண்ணிடும், கம்பைலருக்கு அது தெரியாது. எங்க கவுண்டரோ அந்த ஃபங்ஷன் கால் முடிஞ்சு வெளிய போற எட்ஜ்ல உக்காந்திருக்கு. அங்க யாரும் வந்து சேரவே இல்ல. அதனால எரர் பக்கம் 0, ஃபங்ஷன் மொத்தம் 9. கூட்டினா கணக்கு சரியா வருது பாருங்க, அதான் யாருக்கும் சந்தேகம் வரல.

திரும்பி வராம போகக்கூடிய கால் இருந்தா அங்கயே பிளாக்க ஒடச்சு, ஃபங்ஷனோட முடிவுக்கு ஒரு ஃபேக் எட்ஜ் போடணும். அதுல கவுண்டர் வைக்க முடியாது, அதனால அது ட்ரீக்குள்ள போயிரும், கவுண்டர் அந்த காலுக்கு முன்னாடி இருக்க எட்ஜுக்கு நகந்துரும், எரர் பக்கம் 1, மொத்தம் 10ன்னு சரியா வந்துரும்.

இப்ப ஹெல்பர் ரெண்டு வச்சிருக்கோம், எந்த எட்ஜ் எல்லாம் வரும்னு பேர்லயே தெரியும். புரோகிராம் கோட இடம் நகத்துறது ஒரு கமிட் (ஒரு தடவ சேவ் பண்ற மாற்றம்), லாஜிக்க மாத்துறது வேற கமிட். முன்னாடியும் பின்னாடியும் எட்ஜ் லிஸ்ட சார்ட் பண்ணி ஃபைல்ல எடுத்து என்ன மாறிருக்குன்னு ஒப்பிட்டு பாக்குறோம், எக்சிட், லாங்ஜம்ப் (ஃபங்ஷன விட்டு நேரா வேற இடத்துக்கு தாவுறது), முடிவில்லாத லூப் இருக்க குட்டி புரோகிராம்களுக்கு கையால எண்ணின நம்பர டெஸ்ட்ல எழுதி வச்சிருக்கோம், பழைய அவுட்புட்ட காப்பி அடிக்கிறது இல்ல.

நீங்க டெஸ்ட் எழுதுறவங்கன்னா, எரர் பாத்ல 0 வந்தா டெஸ்ட மாத்துறதுக்கு முன்னாடி அங்க ஒரு பிரேக்பாயிண்ட் (புரோகிராம் வந்தா நிக்கிற இடம்) வச்சு பாத்துருங்க. புரோகிராம் அபார்ட் ஆகி செத்தா ஜிசிசில கவுண்டர் ஃபைலே எழுதப்படாது, அதையும் சேத்து பாருங்க.