இலையும் பழுக்கும்

ஆகஸ்ட் கடைசி வாரத்தில், பாஸ்டனில் இருக்கும் அண்ணன் மகள் வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பினாள். பச்சைப் பசேலென்று ஒரு மேப்பிள் மரம், நடுவே ஒரே ஒரு கிளை மட்டும் குங்குமச் சிவப்பு. “சித்தப்பா, இங்க வெயில் காலமே இன்னும் முடியல. அதுக்குள்ள இதுக்கு என்ன ஆச்சு?” அன்று காலை திருவான்மியூரில் எங்கள் வீட்டு வாசல் பாதாம் மரத்திலும் இரண்டு மூன்று இலைகள் சிவந்திருந்தன. அதைப் படமெடுத்துப் பதிலாக அனுப்பினேன். “அங்கேயுமா?” என்றாள்.

பாதாம் மரம் என்று சென்னையில் எல்லோரும் சொல்வது நாட்டு வாதுமையை. கடையில் கிலோ கணக்கில் வாங்கும் பாதாமுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மருது, கடுக்காய், தான்றி ஆகியவைதான் இதன் பங்காளிகள். உப்புக் காற்றுக்கு அசராது என்பதால் கடலோரத் தெருக்களில் குடை அடுக்கியதுபோல் நிற்கும். கிண்டிக் காடு வறண்ட பசுமைமாறாக் காடு என்ற வகையைச் சேர்ந்தது. அங்கே போய் வண்ணம் தேடினால் பெரிதாக ஒன்றும் அகப்படாது. வாதுமையோ ஆண்டுக்கு ஒருமுறை, சில இடங்களில் இருமுறை, மொத்த இலையையும் சிவக்க வைத்துவிட்டுத்தான் உதிர்க்கும்.

‘இலையுதிர்காலம்’ என்ற சொல் நமக்குப் பாடப்புத்தகத்தில் வந்தது. கார் தொடங்கி முதுவேனில் வரை நம் ஆறு பெரும்பொழுதுகளில் இலையின் பெயரில் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஓர் இலையின் வயதுக்குத் தமிழில் பெயர்கள் உண்டு: கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. இலை ‘செத்துப்போச்சு’ என்று யாரும் சொல்வதில்லை, ‘பழுத்துப்போச்சு’ என்றுதான் சொல்கிறோம். தாவர உடலியலைப் படிக்கப் படிக்க, இதைவிடச் சரியான வினைச்சொல் கிடைக்காது என்றே தோன்றுகிறது.

இலைக்குள் இருக்கும் நைட்ரஜனில் ஏறக்குறைய முக்கால் பங்கு, பச்சையம் தங்கியிருக்கும் பசுங்கணிகங்களில் புரதமாக இருக்கிறது. மரத்துக்கு நைட்ரஜன் எளிதில் கிடைக்கும் பொருள் அல்ல. வாடகை வீட்டைக் காலி செய்கிறவர் மின்விசிறியையும் குழல்விளக்கையும் கழற்றிக்கொண்டு போவதுபோல, இலையைக் கைவிடும் முன் மரம் அந்தப் புரதங்களை உடைத்து, உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஏறக்குறைய பாதி நைட்ரஜன், சில மரங்களில் அதற்கும் மேல், இப்படித் திரும்பிவிடும். அதை எடுத்துச் செல்லும் பாதை நரம்புகள்தான். அதனால்தான் பல இலைகளில் நரம்பை ஒட்டிய பச்சை கடைசியாகப் போகிறது.

இதில் ஒரு சிக்கல். புரதத்தைக் கழற்ற வேண்டுமென்றால் அதோடு ஒட்டியிருக்கும் பச்சையத்தைப் பிரிக்க வேண்டும். பிரிந்த பச்சையம் ஆபத்தானது. வெளிச்சம் பட்டதும் அந்த ஆற்றலை அருகிலுள்ள ஆக்ஸிஜன்மேல் ஏற்றிச் செல்லைப் பொசுக்கிவிடும். எனவே மரம் அதைப் படிப்படியாக உடைத்து, நிறமற்ற பொருளாக்கி, செல்லின் மூலையில் ஒதுக்கிவைக்கிறது. இப்படி உடையும்போது நடுவழியில் வரும் ஒரு பொருள் நீலமாக ஒளிரும். பழுக்கும் வாழைப்பழத் தோல் புற ஊதா விளக்கில் நீலமாக மின்னுவதை 2008இல் வேதியியலாளர்கள் காட்டினார்கள். கள்ளநோட்டுப் பார்க்கும் விளக்கு கையில் கிடைத்தால் இருட்டில் ஒரு மஞ்சள் பழத்தைக் காட்டிப் பாருங்கள்.

பச்சை விலகியதும் தெரியும் மஞ்சள் புதிதல்ல. கரோட்டினாய்டுகள் என்ற மஞ்சள் நிறமிகள் முதலிலிருந்தே அங்கே இருந்தவை. வாசலில் உதிரும் பூவரச இலை இந்தக் கட்டத்தோடு நின்றுவிடுகிறது. சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் அப்படியல்ல. மூட்டை கட்டும் நேரத்தில், மிச்சமிருக்கும் சர்க்கரையைச் செலவழித்து மரம் அதைப் புதிதாகச் செய்கிறது. போகிற வீட்டுக்கு யாராவது வெள்ளையடிப்பார்களா?

இரண்டு விளக்கங்கள் உண்டு. பரிணாம உயிரியலாளர்கள் டபிள்யூ. டி. ஹாமில்டனும் சாம் பிரௌனும் 2001இல் சொன்னது: சிவப்பு, அசுவினிப் பூச்சிகளுக்கு மரம் விடுக்கும் எச்சரிக்கை. இன்னொன்று, அது வெயிலுக்குக் கட்டிய பந்தல்: உள்ளே பிரித்தெடுக்கும் வேலை முடியும்வரை அதிக வெளிச்சம் புகாமல் தடுக்கிறது. நான் பந்தல் கட்சி. சிவந்த வாதுமை இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால், மேலே இன்னோர் இலை மறைத்திருந்த இடம் பெரும்பாலும் மஞ்சளாகவே இருக்கும். வெயில் பட்ட இடம்தான் சிவந்திருக்கும். அதோடு மாந்தளிரை நினைத்துப் பாருங்கள். அந்தச் செம்பு நிறமும் ஆந்தோசயனின்தான். உள்வேலை முடியாத தளிருக்கும் உள்வேலை கலைந்த பழுப்புக்கும் ஒரே பந்தல்.

மேப்பிளின் ஒற்றைக் கிளைக்கு வருவோம். ஒரு கிளையின் பட்டை அடிபட்டாலோ நோயுற்றாலோ, இலையில் உண்டான சர்க்கரை கீழே இறங்க வழியின்றித் தேங்கும். சர்க்கரை தேங்கினால் ஆந்தோசயனின் கூடும். அந்தக் கிளை முந்திக்கொண்டு சிவக்கும். மரம் முழுவதும் சிவப்பதற்கு நாள்காட்டி வேறு. பாஸ்டனில் ஆகஸ்ட் கடைசியில் பகல்பொழுது நாளுக்கு இரண்டரை நிமிடத்துக்கும் மேல் சுருங்குகிறது. மரங்கள் அந்த அளவைப் படித்துவிடும். சென்னையிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசமே ஒன்றரை மணி நேரம்தான். இங்கே குளிர் வந்து விரட்டுவதில்லை. வடகிழக்குப் பருவமழை நின்று, தை மாசியில் மேகமற்ற வெயிலில் மண் காயத் தொடங்கும்போதுதான் வாதுமை மொத்தமாகப் பழுக்கிறது. ஆகஸ்டில் நான் பார்த்தவை, கிளை நுனிக் கொத்தில் அடியில் இருந்த மூத்த இலைகள். தம் முறை வந்து பழுத்தவை.

உதிர்வது தனிக் கதை. காம்பின் அடியில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று உண்டு. இலை திடமாக இருக்கும்வரை அது அனுப்பும் ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஹார்மோன் அந்த அடுக்கை அடக்கிவைக்கும். ஆக்ஸின் குறைந்ததும் எத்திலீன் வாயுவின் கை ஓங்குகிறது. செல்களை ஒட்டியிருக்கும் பசையை நொதிகள் கரைக்கின்றன. காற்று லேசாகத் தொட்டாலே போதும். அந்தக் காலத்து எரிவாயுத் தெருவிளக்குகளின் அருகே மரங்கள் அகாலமாக இலை கொட்டியதற்கும் கசிந்த எத்திலீன்தான் காரணம். கோயம்பேட்டில் கார்பைடு கல்லுக்குப் பதிலாக அனுமதிக்கப்பட்ட வாயு என்று மாம்பழ அறைக்குள் செலுத்துவதும் இதே எத்திலீன். இலையும் பழமும் ஒரே வாயுவுக்குத்தான் பழுக்கின்றன.

தெரு பெருக்கும் அக்காவுக்கு இந்த மரத்தின்மேல் தீராத கோபம். “ஒரு பக்கம் கூட்டினு வந்தா, பின்னாடியே கொட்டுது சார்.” அவர் குவித்து வைப்பதில் மரத்துக்கு வேண்டியது அதிகம் மிச்சமில்லை, துவர்ப்பான டானின் மட்டும் நிறைய இருக்கும், பங்காளியான கடுக்காயில் இருப்பதுபோல. கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்கு அதுதான் வேண்டும். காய்ந்த வாதுமைச் சருகை ஃபைட்டர் மீன் தொட்டியில் போட்டால் தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு மாறும். மீனுக்கு நல்லது என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள். அக்காவிடம் இதைச் சொன்னேன். குவியலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “எந்தக் கடை சார்?” என்றார்.