ஒய் அடிக்கட்டுமா, என் அடிக்கட்டுமா?

முத்தியால்பேட்டை வீட்டில் ஒரு ஞாயிறு மதியம். கரண்ட் போய் அரை மணி ஆகியிருந்தது, கூடவே வைஃபையும் படுத்துவிட்டது. சித்தி பையன் காலேஜ் புராஜெக்ட்டோடு வந்து என் போனின் ஹாட்ஸ்பாட்டைப் பிடித்துக்கொண்டான். சி மொழியில் எழுதிய சின்ன நிரல். ஜன்னல் திறக்கும், பட்டனைத் தொட்டால் கிராஷ். ஜிடிபியில் போட்டு ஓட்டினான். பொருளாதாரப் பக்கத்து ஜிடிபி இல்லை. லினக்ஸில் நிரலின் வயிற்றைத் திறந்து பிழை தேடும் டீபக்கர். அது ஒரு கேள்வி கேட்டது: டீபக் தகவலை இன்ன சர்வரிலிருந்து நானே இறக்கிக்கொள்வேன், இந்த முறைக்கு அனுமதி உண்டா? ஆம் என்றால் ஒய், இல்லை என்றால் என்.

“அண்ணா, ஒய் அடிக்கட்டுமா, என் அடிக்கட்டுமா?”

“எதையாவது அடி.”

ஒய் அடித்தான். அன்றைக்கான 1.5 ஜிபியில் பாதிக்கு மேல் சாயங்காலத்துக்குள் காலி.

என்ன இறங்கியது? புதுச்சேரியின் பிரெஞ்சு வீதிகளில் முனைக்கு முனை நீலப் பலகை இருக்கிறதே, அதை எல்லாம் ராத்திரியோடு கழற்றிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வீடுகள் அப்படியே இருக்கும், ஆட்டோ ஓடும், ஆனால் எங்கே நிற்கிறோம் என்று போனில் சொல்ல வாயில் பெயர் வராது. நம் கணினிக்கு வரும் லைப்ரரிகளும், அதாவது பல நிரல்கள் பொதுவாக எடுத்தாளும் ஆயத்தத் துண்டுகளும், இப்படிப் பலகை கழற்றியே வருகின்றன. ஃபங்ஷன் பெயர், மாறிகளின் வகை, எந்த வரி எந்தக் கட்டளையானது என்ற விவரம் எல்லாம் டுவார்ஃப் என்ற வடிவத்தில் எழுதப்படும். அது பல நேரம் நிரலைவிடப் பல மடங்கு பெரிது. அதனால் அதைத் தனிக் கோப்பாக உரித்து எடுத்துவிடுவார்கள். அந்தக் கோப்பு இல்லாமல் கிராஷைப் பார்த்தால் ஒரு நீள முகவரி எண்ணும், பக்கத்தில் இரண்டு கேள்விக்குறியும்தான் தெரியும்.

உரித்த கோப்பை எப்படித் திரும்ப ஜோடி சேர்ப்பது? பெயரையும் பதிப்பையும் நம்ப முடியாது. ஒரே பதிப்பை இரண்டு பேர் இரண்டு விதமாகக் கட்டியிருக்கலாம். அதனால் துண்டுகளை இணைத்து நிரலாக்கும் லிங்கர் ஒவ்வொரு நிரலிலும் பில்ட் ஐடி என்ற கைரேகையைப் பதிக்கிறது. பெரும்பாலும் 20 பைட், எழுதினால் 40 இலக்கம். நிரலை உரித்தாலும் அது அழியாது. உரித்த கோப்பிலும் அதே ரேகை இருக்கும். 2019-இல் எல்ஃப்யூட்டில்ஸ் தொகுப்போடு வந்த டீபக்இன்ஃபோடி என்ற சர்வர் செய்வது இவ்வளவுதான்: 40 இலக்கத்தைக் கொடுத்தால் அதற்குரிய கோப்பைக் கொடுக்கும். ஃபெடோரா, டெபியன், உபுண்டு, ஆர்ச் என்ற லினக்ஸ் வகைகள் எல்லாம் தங்களுக்கென்று ஒன்று நடத்துகின்றன. அதற்கு முன்னால் ஒவ்வொரு டீபக் பொதியாகத் தேடி நாமே நிறுவ வேண்டும். அந்தப் பாடு பட்டவன் என்பதால் இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. விண்டோஸ்காரர்களுக்கு மைக்ரோசாஃப்ட்டின் சிம்பல் சர்வர் இதற்கு முன்பே இருந்தது.

சிக்கல் எங்கே என்றால், ஜன்னல் திறக்கும் ஒரு நிரல் தனியாக வருவதில்லை. ஜன்னலும் பட்டனும் தரும் ஜிடிகே வரும், அதன் பின்னால் படம் வரையும் மேசா, மேசாவோடு பல நேரம் கம்பைலர் வேலை செய்யும் எல்எல்விஎம். இந்தக் கடைசி ஆளின் டீபக் கோப்பு மட்டுமே நூற்றுக்கணக்கான எம்பி. தப்பு இருந்ததோ தம்பி எழுதிய 60 வரியில்! இறங்கும்போது கண்ட்ரோல் சி அடித்தால் அந்த ஒரு கோப்பு மட்டும் நின்று அடுத்த லைப்ரரிக்குப் போகும். அவனுக்கு அது தெரியாது, நானும் பக்கத்தில் இல்லை.

ஜிடிபி கேட்டுவிட்டுச் செய்வதுதான் என் கணக்கில் சரி. வெறும் எண்டர் அடித்தால் ‘வேண்டாம்’ என்றே எடுத்துக்கொள்ளும். டேட்டா மட்டும் விஷயமில்லை. நம் நிரல் போகாவிட்டாலும், எந்தெந்த லைப்ரரியைக் குடைகிறோம் என்பது அந்த சர்வருக்குத் தெரிந்துவிடும். தினமும் கேட்பது தொல்லை என்றால், வீட்டு அடைவில் உள்ள ஜிடிபிஇனிட் கோப்பில் ‘செட் டீபக்இன்ஃபோடி எனேபிள்டு’ என்று எழுதி, பக்கத்தில் ‘ஆன்’ அல்லது ‘ஆஃப்’ போடலாம். ஆனால் இது ஜிடிபியை மட்டும்தான் கட்டும். நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் வால்கிரைண்ட் போன்ற கருவிகள் சர்வர் முகவரிகள் இருக்கும் டீபக்இன்ஃபோடி யூஆர்எல்ஸ் என்ற சூழல் மாறியைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். எல்லாவற்றையும் நிறுத்த அந்த மாறியைக் காலி செய்ய வேண்டும்.

இதில் நான் ஏமாந்த இடம் ஒன்று உண்டு. இறங்கிய கோப்புகள் கணினியிலேயே கேஷ் என்ற சேமிப்பு அடைவில் தங்கும், மறுமுறை இறங்காது. பொங்கலுக்குக் கடலூர் போகும்போது டேட்டாவை மிச்சம் பிடிக்க ‘ஆஃப்’ போட்டேன். கேள்விக்குறிகள் திரும்ப வந்துவிட்டன. ஆஃப் என்றால் கேஷையும் தொடாது. மாறியைக் காலி செய்தாலும் அதே கதைதான். ‘ஆன்’ போட்டுவிட்டு ஹாட்ஸ்பாட்டை அணைத்தேன். இருந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டது.

அப்புறம் ஒரு வாரம் தொடாத கோப்பை அது தானாகவே துடைத்துவிடும் என்று தெரிந்தது. கேஷ் அடைவுக்குள் ஒரு குட்டிக் கோப்பு, உள்ளே ஒரே எண்: 604800 நொடி. அதை அழித்துவிட்டு 2592000 என்று எழுதினேன், ஒரு மாதம்.