ஆறாவது நகர்வில் வரும் குதிரை

ஹட்டனில் சனிக்கிழமை செஸ் வகுப்பு. மழை விடவில்லை, பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்ததில் ஒன்பதாம் தரத்துப் பொடியன் ஒருவன் போனை நீட்டினான். "சேர், எட்டே நகர்வில செக்மேட்!"

பார்த்ததுமே தெரிந்தது, எங்லண்ட் கேம்பிட். கேம்பிட் என்றால் காயைப் பலிகொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் முறை. வெள்ளை தன் சிப்பாயை டி4 கட்டத்தில் வைத்தால் கறுப்பு உடனே ஈ5இல் வைத்து ஒரு சிப்பாயைச் சும்மா கொடுக்கும். இங்கிலாந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சுவீடன்காரர் ஃப்ரிட்ஸ் எங்லண்டின் பெயர். 1932இல் இந்தத் தொடக்கத்துக்கென்றே ஒரு போட்டிக்குப் பணம் போட்டவர்.

பொறி இதுதான். வெள்ளை ஈ5ஐ வெட்டும். கறுப்புக் குதிரை சி6, வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்பு ராணி ஈ7. சிப்பாயைக் காக்க வெள்ளை பிஷப் எஃப்4. ராணி பி4இல் செக். பிஷப் டி2க்குத் திரும்பியதும் ராணி பி2ஐ வெட்டும். அதை விரட்டலாம் என்று பிஷப்பை சி3இல் வைத்தால் தொலைந்தது: கறுப்பு பிஷப் பி4க்கு வந்து அதை ராஜாவோடு கட்டிவிடும், அது வழியை விட்டு விலகினால் ராஜாவுக்கு செக். வெள்ளை ராணி டி2க்கு வரும், சி3இல் கறுப்பு பிஷப் வெட்ட வெள்ளை ராணி திருப்பி வெட்டும், கறுப்பு ராணி சி1இல் மேட்.

போனில் மூன்று நிமிட ஆட்டத்தில் பலர் விழுவார்கள். பிறகு ஒரு போட்டியில் பொடியன் இதையே ஆடினான், எதிரே உட்கார்ந்த சிறுமி விழவில்லை. பிஷப்பைத் தொடாமல் பி1 குதிரையை சி3க்கு எடுத்தாள். அவன் பிஷப் பி4, அவள் ரூக் பி1. ராணி ஏ3க்கு ஓடியது. ரூக் பி3க்கு ஏறி விரட்ட, ஏ5க்கு ஓடியது. ஸ்கோர் சீட்டைப் பார்த்தேன். அவனுடைய எட்டு நகர்வில் ஐந்து ராணிக்கே போயிருந்தது. அவன் ரூக் இரண்டும் கிளம்பவே இல்லை. அதற்குமேல் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பெற்றோர் சிலர் "இதெல்லாம் ஆடவிடாதீங்க சேர்" என்கிறார்கள். தடுத்தால் ஒளித்து ஆடுவான், அவ்வளவுதான். நான் அவனை வெள்ளைப் பக்கம் உட்கார வைத்துப் பத்து ஆட்டம் ஆடவிட்டேன். கறுப்பில் சிப்பாய் கொடுத்தே தீரவேண்டும் என்றால் புடாபெஸ்ட் கேம்பிட் இருக்கிறது: டி4க்குக் குதிரை எஃப்6, வெள்ளை சி4 வைத்தபிறகு ஈ5. 1918இல் பெர்லினில் விட்மார் என்ற ஆட்டக்காரர் இதை வைத்து, அந்தக் காலத்து முன்னணி வீரர் ரூபின்ஸ்டைனையே தோற்கடித்தார். இதிலும் பொறி உண்டு. ஆனால் எதிரி விழாவிட்டாலும் கொடுத்த சிப்பாய் பெரும்பாலும் திரும்பிவிடும், காய்களும் வெளியே வந்திருக்கும்.

போன வாரம் பொடியன் கேட்டான்: "சேர், நான் வெள்ளை ஆடும்போது யாராவது ஈ5 வைப்பாங்களா?"