சுற்றுப்பயணம் போகிற கிட்டார் ஆம்ப் எங்கே பழுதாகிறது?

கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப், கையால் ஒயரிங் செய்ததென்றால் உறுதி, சர்க்யூட் போர்டு என்றால் மட்டம் என்று கிட்டார்காரர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. சிறு பட்டறைகளில் ஒவ்வொன்றாகச் செய்யப்படும் வால்வு ஆம்ப்களின் விலையில் இந்த நம்பிக்கைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஆனால் வேன், விமானம், மேடை என்று மாதக்கணக்கில் அலையப்போகிற ஆம்பைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உள்ளே பிறக்கிற சூடும், பெட்டி வாங்குகிற குலுக்கலும் எதன் தலையில் விழுகின்றன?

வால்வு என்பது காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குடுவை. நடுவில் இருக்கும் கேத்தோடை 6.3 வோல்ட் ஹீட்டர் ஒன்று சூடாக்கும். அதிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள், சில நூறு வோல்ட்டில் இருக்கும் பிளேட்டை நோக்கி ஓடும். இடையில் கிரிட் என்ற மெல்லிய கம்பிச் சுருள். கிட்டாரின் சின்ன சிக்னலுக்கேற்ப கிரிட்டின் வோல்டேஜ் ஏறி இறங்க, அந்தப் பெரிய ஓட்டமும் கூடவே ஏறி இறங்கும். கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அடி வாங்கி உள்பாகம் தளர்ந்துவிட்டால் அதிர்வே சிக்னலாக மாறும். ஆம்பை ஓடவிட்டு, கிட்டார் சிக்னலை முதலில் பெருக்கும் சின்ன 12ஏஎக்ஸ்7 வால்வின் தலையில் பென்சிலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் மணி அடிப்பதுபோல் 'டிங்' என்று நீண்டு ஒலித்தால் அந்த வால்வை மாற்ற வேண்டியதுதான்.

வால்வை மாற்றுவது எளிது. சாக்கெட்தான் வம்பு. ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வுகள் தொட முடியாத அளவு கொதிக்கும். அவற்றின் சாக்கெட்டை நேராக சர்க்யூட் போர்டில் சாலிடர் செய்திருந்தால், ஒவ்வொரு இரவும் சூடேறி விரிந்து, குளிர்ந்து சுருங்கி, கடைசியில் பின்னைச் சுற்றி மயிரிழை போல ஒரு வளையக் கீறல் விழும். லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மேடையில் அது விட்டு விட்டுக் கரகரக்கும். பட்டறைக்குக் கொண்டுபோனால் சமர்த்தாகப் பாடும். சாக்கெட்டை சேசிஸ் என்ற உலோகச் சட்டத்தில் திருகி, அங்கிருந்து ஒயர் இழுத்திருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அப்படிச் செய்துவிட்டு மற்றதையெல்லாம் தடிமனான போர்டில் வைத்திருந்தாலும் எனக்குச் சம்மதமே. அலங்கோலமான கை ஒயரிங்கைவிட அது எவ்வளவோ மேல்.

நான்கு இஎல்84 வால்வுகளைச் சூடாக ஓட்டும் வாக்ஸ் ஏசி30 என்ற ஆம்ப், சூட்டோடு மல்லுக்கட்டுவதற்குப் பழைய உதாரணம். அந்த ஒலி வேண்டும், ஆனால் பயணத்தைத் தாங்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் 1989இல் மேட்ச்லெஸ் நிறுவனம் தொடங்கியது.

சூடு போகிற திசையையும் பாருங்கள். ஸ்பீக்கரும் ஆம்பும் ஒரே பெட்டியில் இருக்கும் காம்போக்கள் பலவற்றில் வால்வுகள் தலைகீழாகத் தொங்கும். மேலே ஏறும் சூடு நேரே சேசிஸுக்குள் போய், மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களை வாட்டும். அவற்றின் உள்ளே இருக்கும் திரவம் மெல்ல உலரும். 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. போதாக்குறைக்கு ஸ்பீக்கரின் அதிர்வு வேறு. எனவே நெடும்பயணத்துக்கு வால்வுகள் நிமிர்ந்து நிற்கும், ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப் பெட்டியான ஹெட்டையே நான் தேர்ந்தெடுப்பேன்.

நாடு மாறினால் மின்சாரமும் மாறும். 120 வோல்ட் ஆம்பை 230 வோல்ட் ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரோடு போவார்கள், சரி. ஆனால் அது வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் கணக்குப் போட்டுச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால், அதன் இரும்பில் காந்தப் பாயம் 20 சதவீதம் கூடும். இரும்பு நிறைந்துபோய் மின்னோட்டம் எகிறும், டிரான்ஸ்ஃபார்மர் சுடும். ஜப்பானிலோ 100 வோல்ட்தான். அங்கே 120 வோல்ட் அமைப்பில் ஓட்டினால் ஹீட்டருக்கு 5.25 வோல்ட்தான் கிடைக்கும். 100, 120, 230 மூன்றுக்கும் தெரிவு வைத்து, 50 ஹெர்ட்ஸுக்கும் சேர்த்துச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்று செய்பவரிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆம்ப் பார்க்கலாம்.

அப்புறம், திறந்து பார்க்க முடிகிறதா? அமெரிக்க ஆம்ப் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் டம்பிள் தன் ஆம்ப்களின் சர்க்யூட்டை யாரும் நகலெடுக்காதபடி எப்பாக்ஸி என்ற இறுகும் பிசினை ஊற்றி மூடியது பிரசித்தம். ரகசியத்துக்கு நல்லது, மாலை நிகழ்ச்சிக்கு முன் தெரியாத ஊரில் ஒரு ரெசிஸ்டரை மாற்ற வேண்டிய மெக்கானிக்குக் கொடுமை. இஎல்34, 6எல்6 போல எங்கும் கிடைக்கும் வால்வுகளும், வால்வில் ஓடும் மின்னோட்டத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் கேத்தோடு பயாஸ் அமைப்பும் இருந்தால் பாதிக் கவலை தீரும். புது வால்வைச் செருகினால் அதுவே நிலைக்கு வந்துவிடும். ஃபிக்ஸட் பயாஸ் என்றால் அந்த மின்னோட்டத்தை நாமே அளந்து திருகிச் சரிசெய்ய வேண்டும். அளப்பதற்கான முனைகள் வெளியிலேயே இருப்பது உத்தமம். உயர் வோல்டேஜ் பக்கத்துக்குத் தனி ஃபியூஸ் இருக்கட்டும். பவர் வால்வு ஷார்ட் ஆனால் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் அது எரியும்.

எவ்வளவு நல்ல ஆம்பானாலும் ஸ்பீக்கர் கேபிள் கழன்ற நிலையில் வாசித்தால் ஆபத்து. போக வழியில்லாத ஆற்றல் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜாக எகிறி, சாக்கெட்டின் பின்களுக்கிடையே பொறியாகப் பாயும். மெல்லிய கிட்டார் கேபிளை அந்த இடத்தில் செருகாதீர்கள். தடித்த ஸ்பீக்கர் கேபிள் இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.