முஹாஸஸா: இராக்கின் பதவிப் பங்கீடு

இராக்கில் புது அமைச்சரவை அமையும்போதெல்லாம் அடிபடும் அரபுச் சொல் முஹாஸஸா. இன, மதப் பிரிவுகளின் பெயரால் கட்சிகள் அரசுப் பதவிகளைப் பங்கு போட்டுக்கொள்வதை இது குறிக்கும். 'ஹிஸ்ஸா' என்றால் பங்கு. உருதிலும் இந்தியிலும் புழங்கும் அதே ஹிஸ்ஸாதான். பலர் தங்களுக்குள் செய்துகொள்ளும் செயலைக் காட்டும் வடிவத்தில் அது முஹாஸஸா ஆகிறது.

சதாம் ஹுசைன் வீழ்ந்த பிறகுதான் இந்த வழக்கம் பிறந்தது என்று நினைக்க வேண்டாம். 1992-இலேயே அவருடைய எதிர்ப்பாளர்கள் குர்துப் பகுதியின் ஸலாஹுத்தீனில் கூடி, ஷியா, சுன்னி, குர்து என்று பிரிவுக்கு ஒருவராக மூவர் தலைமையை அமைத்தார்கள். 2003 ஜூலையில், அப்போது இராக்கை ஆண்ட பால் பிரெமரின் அமெரிக்க நிர்வாகம் நியமித்த ஆளும் குழுவில் 25 இடங்கள்: ஷியா 13, சுன்னி அரபு 5, குர்து 5, துருக்மான் 1, அசிரியக் கிறித்தவர் 1. கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ஹமீத் மஜீத் மூசாவைக்கூட ஷியா கணக்கில்தான் சேர்த்தார்கள். ஒருவருடைய கொள்கை என்ன என்று கேட்காமல், எந்த வீட்டில் பிறந்தார் என்று பார்க்கும் முறை இது. எனக்கு இதில் உள்ள பெரிய வருத்தமே அதுதான்.

2005-க்குப் பிறகு குடியரசுத் தலைவர் குர்து, பிரதமர் ஷியா, சபாநாயகர் சுன்னி என்பது வழக்கமாகிவிட்டது. அரசியலமைப்பில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. அப்புறம் அமைச்சகங்கள், அவற்றின் கீழுள்ள உயர் பதவிகள் என்று பேரம் இறங்கிக்கொண்டே போகும். பெரிய கட்சிகள் எல்லாமே ஆட்சிக்குள் இருந்தால் தட்டிக் கேட்க யார் இருக்கிறார்கள்? 2019 அக்டோபரில் பாக்தாத் தஹ்ரீர் சதுக்கத்தில் திரண்ட இளைஞர்கள் இதைத்தான் எதிர்த்தார்கள். 'நுரீத் வதன்', எங்களுக்கு ஒரு தாயகம் வேண்டும் என்பது அவர்கள் முழக்கம். அவர்களில் பெரும்பாலோர் ஷியாக்கள். இந்தக் கணக்கில் பெரும்பங்கு அவர்கள் பெயரில்தான் இருந்தது. பிரதமர் ஆதில் அப்துல் மஹ்தி பதவி விலகினார்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'அதிகாரப் பகிர்வு' என்றால் மத்திய அரசு மாகாணங்களுக்கு அதிகாரம் கொடுப்பதுபோல் படுகிறது. இலங்கை அரசியலில் அச்சொல் அந்தப் பொருளில் நிலைத்தும்விட்டது. 'ஒதுக்கீடு' என்பது சட்டம் எழுதித் தருவது. அது இராக்கில் தனியாகவே உண்டு: நாடாளுமன்றத்தின் 329 இடங்களில் 9 இடங்கள் கிறித்தவர், யஸீதி முதலிய சிறுபான்மையினருக்கு. முஹாஸஸா அப்படியல்ல, கட்சிகள் பேசி முடித்துக்கொள்வது. அதனால் 'வகுப்புவாரிப் பதவிப் பங்கீடு' என்பதே சரியாகப் பொருந்தும் என்பது என் கருத்து. 'வகுப்புவாரி' நமக்குப் பழகிய சொல், இனத்தையும் மதப்பிரிவையும் சேர்த்தே சுட்டும். 'பங்கீடு' ஹிஸ்ஸாவின் நேர்ப்பொருள்.

அடிக்கடி எழுத நீளமாக இருந்தால் 'பதவிப் பங்கீடு' போதும். 1943-இன் எழுதாத உடன்பாட்டின்படி குடியரசுத் தலைவர் பதவியை மரோனியக் கிறித்தவருக்கும் பிரதமர் பதவியை சுன்னிக்கும் வைத்திருக்கும் லெபனானுக்கும் இதையே எழுதலாம்.